சிறுவயது வளர்ப்பை வைத்து ஒருவரின் இன்றைய குணத்தை விளக்க முடியுமா?

உங்கள் அண்ணன் மூன்று வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தவர், நாற்பதைத் தாண்டியும் யாரையும் நம்புவதில்லை, குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள் இதை விளக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு குழந்தை இன்று ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு இந்தக் கோட்பாடுகள் நன்றாகவே கைகொடுக்கும். நாற்பது வயதுக்காரருக்கு ஜாதகம் மாதிரி பார்க்க ஆரம்பித்தால்தான் வம்பு.

டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்கள், குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்த உளவியலாளர்களில் பியாஜேக்கு நான்கு நிலை, எரிக்சனுக்கு எட்டு நிலை என்று மனப்பாடம் செய்கிறார்கள். 150-க்கு 30 மதிப்பெண் இந்தப் பகுதிக்கு, செய்யத்தான் வேண்டும். ஆனால் சுவாரசியமெல்லாம் நிலைகளுக்கு வெளியேதான் இருக்கிறது.

பியாஜேயின் சோதனை ஒன்றைப் பாருங்கள். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை வைத்து, 'இரண்டும் சமமா?' என்று கேட்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை 'சமம்' என்னும். பிறகு ஒரு வரிசையை இடைவெளி விட்டு நீளமாக்கிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், 'இதில்தான் நிறைய' என்று நீளமான வரிசையைக் காட்டும். எண்ணிக்கை மாறவில்லை என்பதைப் புரிந்துகொள்ளும் சிந்தனை இந்த வயதில் இன்னும் வரவில்லை என்றார் பியாஜே.

1970-களில் எடின்பரோவில் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைப்பது பெரியவர் இல்லை, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. 'ஐயோ, கரடி கலைத்துவிட்டதே, இப்போது சமமா?' என்று கேட்டதும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் 'சமம்தான்' என்றார்கள். பெரியவரே வேண்டுமென்று மாற்றிவிட்டுத் திரும்பக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது போல. வில்லைகளைவிட எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைத்தான் அது கூர்ந்து கவனித்திருக்கிறது.

மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயை வைத்துச் செய்த சோதனைக்கும் இதே கதிதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960-களின் கடைசியில் தொடங்கியது. இப்போதே சாப்பிட்டால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று செய்தி பரவி, சுயக்கட்டுப்பாடுதான் வெற்றிக்கு வழி என்று மேடைக்கு மேடை பேசினார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும், அந்த மிச்சத்திலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

எனக்கு இன்னும் பிடித்தது ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. 28 குழந்தைகள்தான். நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன், பெரிய ஸ்டிக்கர் கொண்டுவருகிறேன் என்று முதலில் வாக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது, மீதிப் பேரிடம் 'மன்னித்துக்கொள், இல்லையாம்' என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகு மார்ஷ்மெல்லோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்தவர்களை அவசரக்குடுக்கை என்று சொல்ல முடியுமா? கணக்குத் தெரிந்த பிள்ளைகள் என்பேன்.

இங்கிருந்து பார்த்தால்தான் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் பவுல்பியின் பிணைப்புக் கோட்பாடு எனக்குப் புரிகிறது. அழுதால் ஆள் வருமா, போனவர் திரும்புவாரா என்ற எதிர்பார்ப்பைக் குழந்தை முதல் சில ஆண்டுகளிலேயே கற்றுக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம். தாய் மட்டும்தான் என்று பவுல்பி சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய 1951 அறிக்கையிலேயே, தாய் அல்லது நிலையாகத் தாயின் இடத்தில் இருப்பவர் என்றுதான் இருக்கிறது. உங்கள் பாட்டி அந்த இடத்தில் இருந்திருக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. நான் கேட்பது வேறு. மூன்று வயதில் அவரை அங்கிருந்து எப்படிக் கூட்டி வந்தார்கள்? பழக்கிக் கூட்டி வந்தார்களா, தூங்கும்போது தூக்கி வந்தார்களா? பவுல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையை 1952-இல் படம்பிடித்தார். இப்படிப் பிரிக்கப்படும் குழந்தைகள் முதலில் அழுது போராடுவார்கள், பிறகு ஓய்ந்துபோவார்கள், கடைசியில் அம்மா வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று எழுதினார். அதுவரை 'குழந்தை அடங்கிவிட்டது' என்று தாதியர் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த நிலை அது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிணைப்பை அளக்க உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் வடிவமைத்த சோதனையில், ஒரு வயதுக் குழந்தையை அம்மா சிறிது நேரம் விட்டுப் போய்த் திரும்பி வருவார். ஜப்பானில் சப்போரோவில் இதைச் செய்தபோது நிறையக் குழந்தைகள் சமாதானமே ஆகாமல் அழுதார்கள், 'பாதுகாப்பற்ற பிணைப்பு' என்ற முத்திரையும் விழுந்தது. அங்கே கைக்குழந்தையை யாரும் தனியாக விடுவதே அபூர்வம், அழாமல் என்ன செய்யும்?

ஆரம்ப ஆண்டுகள் உண்மையிலேயே ஆளைப் புரட்டிப்போடும் இடமும் உண்டு. ருமேனியாவின் அரசு அநாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை 2001 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த இல்லங்களில் பல குழந்தைகளுக்கு ஒரு ஊழியர், அவரும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு அறிவுத்திறனிலும் பிணைப்பிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குக் கூடுதலாக. ஆனால் யாருமே தனக்கென்று இல்லாத நிலை அது. பாட்டி வீட்டை அதோடு ஒப்பிடவே முடியாது.

சாதாரணக் குடும்பங்களில், ஒரு வயதில் பார்த்த பிணைப்பு இருபது வயதிலும் அப்படியே இருக்கிறதா என்று தேடிய ஆய்வுகளில் சிலவற்றில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் இல்லை. நடுவில் மரணம், மணமுறிவு, நல்ல வாத்தியார், நல்ல மனைவி என்று எவ்வளவோ வருகிறது. ஆகவே பாட்டி வீட்டிலேயே நிற்காதீர்கள். முப்பத்தைந்து வயதில் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏமாந்தாரா என்றும் விசாரியுங்கள்.