மூத்த சர்வருக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பதா, புதியவர்களை எடுப்பதா?

கேள்வி: எங்கள் உணவகத்தில் நெடுங்காலமாக இருக்கும் சர்வர் சம்பள உயர்வு கேட்கிறார். அவருக்குக் கொடுக்கும் தொகையில் புதியவர்கள் இருவரை வைத்துக்கொள்ளலாம். மேசையில் க்யூஆர் கோடு ஒட்டிவிட்டால் ஆர்டர் எடுக்கும் வேலையும் மிச்சம். அவரை விட்டுவிடலாமா?

பதில்: தட்டு சுமப்பது மட்டும்தான் அவர் வேலை என்றால் உங்கள் கணக்கில் பிழையில்லை. முடிவெடுக்கும் முன், கூட்டம் மொய்க்கும் நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்து, ஓரமாக நின்று அவரைக் கவனியுங்கள்.

ஐந்து மேசைகள் ஒரே சமயத்தில் நிரம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதியவர் ஐந்து ஆர்டர்களையும் மளமளவென்று எடுத்துச் சமையலறைக்குள் தள்ளிவிடுவார். அடுப்படி திணறும், ஐவருக்கும் தாமதமாகும். கைதேர்ந்தவர் முதல் இரண்டை உள்ளே அனுப்பிவிட்டு, மூன்றாவது மேசைக்குத் தண்ணீரும் மெனுவும் வைப்பார். நான்காவதில் குழந்தை சிணுங்கினால், சட்டென்று தயாராகும் ஒன்றை முதலில் வரவழைப்பார். அடுப்படியின் வேகத்தை வெளியே நின்று ஆள்பவர் அவர்தான். க்யூஆர் கோடோ வந்த ஆர்டரையெல்லாம் வந்த நொடியே உள்ளே கொட்டும்.

ஒவ்வாமை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேர்க்கடலை ஆகாது என்று ஒருவர் சொன்னால், மெனுவைப் பார்த்து ‘இதில் இல்லை’ என்பது யாராலும் முடியும். அதே எண்ணெயில் முன்பு என்ன பொரிந்தது, அதே கரண்டி எதில் புழங்கியது என்று சமையல்காரரிடம் கேட்டு வந்து சொல்பவரே நம்பத்தக்கவர். சிலருக்குத் துளி அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

புகாரும் அப்படித்தான். சாப்பாடு வைத்த சில நிமிடங்களில் ஒரு பார்வை பார்த்தால், யார் தட்டை ஒதுக்கிவைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்போதே கேட்டால் உணவை மாற்றித் தரலாம். பில் வைக்கும்போது தெரிந்தால் தள்ளுபடி மட்டுமே தரமுடியும். அவர் மறுபடி வருவாரா என்பது சந்தேகம்.

ஆனால் வருடக்கணக்கை மட்டும் பார்த்துச் சம்பளத்தை உயர்த்தாதீர்கள். ஒரே வேலையை ஒரே அலட்சியத்தோடு ஆண்டாண்டாகச் செய்பவர்களும் உண்டு. ‘இது யாருக்கு?’ என்று மேசையில் கேட்காமலேயே உரியவர் முன் தட்டை வைக்கிறாரா? சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் வெறுங்கையோடு நடக்காமல் இருக்கிறாரா? நெருக்கடியில் சமையல்காரர் இவர் சொல்லுக்குச் செவிகொடுக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

இதில் அவர் தேறினால், உயர்வைக் கொடுத்துப் பொறுப்பையும் மாற்றுங்கள். புதியவர் ஒருவரை அவரோடு இணைத்து, தட்டு சுமப்பதைப் புதியவரிடம் விடுங்கள். மூத்தவர் மேசைகளைவிட்டு நகரக் கூடாது. ஆள் குறைந்தால் அவரைக் கல்லாவில் உட்காரவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, அதைத் தவிருங்கள். க்யூஆர் கோடு வேண்டுமானால் இருக்கட்டும். பானம் மறுமுறை கேட்கவும் பில் கட்டவும் உதவும். முதல் ஆர்டரை மனிதரே எடுக்கட்டும்.

இன்னும் தயக்கமாக இருந்தால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் ஆர்டர் எடுத்ததிலிருந்து உணவு மேசைக்கு வரும்வரை ஆகும் நேரத்தையும், திரும்பி வரும் தட்டுகளையும் குறித்துவையுங்கள். அவர் இருக்கும் நாளிலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கிழமையாக, ஏறக்குறைய ஒரே அளவு கூட்டம் வந்த நாட்களாக இருக்க வேண்டும்.