கீழக்கரையில் பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறேன், எதைப் பார்ப்பது?

வாட்ஸ் கணக்கு அப்புறம். கடலோரத்தில் ஓடிய செட் என்றால் மேல்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். போர்டிலும் ட்ரான்சிஸ்டர் கால்களிலும் பச்சை பூத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமை முழுக்கக் குறைத்து 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டிசி (நேர்மின்) வோல்ட்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகிவிடும். ஆன் செய்த சில நொடிகளில் ரிலே (ஸ்பீக்கர் முனைகளை உள்ளே இணைக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) 'டிக்' என்று விழுந்ததா என்பதும் முக்கியம். விழாத செட்டில் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

மெதுவாகப் பாடும்போது ஒரு பக்கம் அமுங்கி, சத்தம் கூட்டினால் திரும்பி வருகிறதா? பெரும்பாலும் ரிலே முனை துருதான், மாற்றிவிடலாம். வால்யூம் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் போதும்.

பின்பக்கம் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் ஜப்பான் உள்நாட்டு மாடல். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் சொருகாதீர்கள்.