கோண்டு மானுக்குள் புள்ளி வைப்பது எப்படி?

கேள்வி: மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடியினரின் ஓவியப் பாணியில் மான் வரைந்தேன். அக்ரிலிக் மேல் கறுப்பு ஜெல் பேனாவால் கோடு போட்டால் ஈஷிக்கொள்கிறது. புள்ளிகளும் மானுக்கு அம்மை போட்டது போல இருக்கின்றன. எங்கே தப்பு?
– வாசகி, சேலம்

பதில்: ஈஷுவதற்குக் காரணம் பேனா. அக்ரிலிக் காய்ந்ததும் பிளாஸ்டிக் தோல் போல ஆகிவிடும். ஜெல் மை அதற்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். ‘வாட்டர்ப்ரூஃப் பிக்மென்ட் மை’ என்று போட்ட 0.3 அல்லது 0.5 முனைப் பேனா வாங்குங்கள். 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் வழவழப்பான ரகமாகப் பாருங்கள். சொரசொரப்பான தாளில் முனை தட்டிக் கோடு விட்டு விட்டு வரும்.

வண்ணத்தை மோர் பதத்துக்குக் கரைத்து இரண்டு கை பூசவும். முதல் கை குறுக்கே, காய்ந்தபின் இரண்டாவது நெடுக்கே. ஒரே பூச்சில் கெட்டியாக அப்பினால் பிரஷ் தடம் மேடாக நின்று பேனாவை இடறும். பேனா வேலையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மைக்கு வருவோம். புள்ளியை இடம் நிரப்பத் தூவியிருக்கிறீர்கள். அதற்கு ஓட்டம் வேண்டும். முதலில் மானைக் கழுத்து, தோள், வயிறு, தொடை என்று பென்சிலால் பிரியுங்கள். கழுத்தில் வரிசைகள் மேலிருந்து கீழே இறங்கட்டும், வயிற்றில் அடிவயிற்று வளைவோடு போகட்டும், தொடையில் சுழலட்டும். இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் திசை மாறினாலே உடம்பு திரண்டு தெரியும். நிழல் தீட்டத் தேவையில்லை. வண்ணப் புள்ளிக்குப் பல்குச்சி போதும். ஒரு முறை தொட்டால் நாலைந்து புள்ளிதான். அதற்கு மேல் வைத்தால் சிறுத்துக்கொண்டே போகும்.

கொம்பு மரமாகக் கிளைக்கும் மான் வரைவதானால் அடியைத் தடிப்பாக வைத்து நுனிக்குப் போகப் போக மெலியவிடுங்கள். இலைகளுக்கு நடுவே வெற்றிடம் விடாவிட்டால் கொம்பு புதராகிவிடும்.

கேள்வி: மண் வண்ணம் இல்லாமல் அக்ரிலிக்கில் வரைந்தால் அது கோண்டு ஓவியம் ஆகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சாணி மெழுகிய வீட்டுச் சுவரிலும் தரையிலும் வெள்ளை மண், காவி, கரி கொண்டு போடும் ‘டிக்னா’ கோலங்கள் பழையவை. தாளுக்கும் கேன்வாஸுக்கும் வந்தது 1980களில். மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்து ஜன்கட் சிங் ஷியாமை ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலில் உள்ள பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்துவந்த பிறகுதான் இந்தப் பாணி வெளியுலகுக்குத் தெரிந்தது. அதனால்தான் இதை ‘ஜன்கட் கலம்’ (ஜன்கட் பாணி) என்றும் சொல்வார்கள். இன்று அந்த ஊர்க்காரர்களே அக்ரிலிக்கில்தான் வரைகிறார்கள். மண் வண்ணத்தைத் தாளில் பூச ஆசையென்றால் காவியைத் துணியில் சலித்துப் பசைக் கரைசல் சேருங்கள். பசை குறைந்தால் கையில் ஒட்டும், கூடினால் வெடித்து உதிரும்.

கேள்வி: பெரிய ஓவியர்களின் புள்ளி வடிவத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பழகுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள், விற்பதற்கு வேண்டாம். கோண்டு மக்களில் ஒரு பிரிவினரான பர்தான் ஓவியர்களுக்கு, உருவத்துக்குள் நிரப்பும் புள்ளி, கோடு போன்ற உள்நிரப்பு வடிவம்தான் கையெழுத்து. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய் வியாம் போன்றவர்களின் படங்களை அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். மத்தியப் பிரதேச கோண்டு ஓவியத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நீங்கள் விற்கும் படத்தில் ‘கோண்டு பாணியைத் தழுவியது’ என்று எழுதிவிடுங்கள். உள்நிரப்புக்குப் புளிய இலை, நெல்மணி, மீன் செதில் என்று உங்கள் கண்ணெதிரே இருப்பதில் ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் முழுக்க அதையே போட்டுப் பழகுங்கள்.