வௌவாலுக்காக மாமரத்தை வெட்ட வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மரம் நிற்கிறது. காய் முற்றும் காலத்தில் இரவிரவாக வௌவால்கள். விடிந்து பார்த்தால் மதிலெல்லாம் எச்சம், கீழே கடித்துப் போட்ட பழங்கள். நிபா வைரஸ் நோய் வரும், மரத்தை வெட்டுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?"

மரத்தை வெட்டாதீர்கள். பயப்பட வேண்டிய இடம் மரமல்ல, கடித்த பழம். வங்கதேசத்தில் வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கு நிபா தொற்றியிருக்கிறது. ஆகவே பல் பட்ட பழத்தைச் சீவி எடுத்தும் சாப்பிட வேண்டாம், ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம். கையுறை போட்டுப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாமல் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துக் கழுவுங்கள்.

இன்னொன்று. விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தொடக் கூடாது. நம் நாட்டுப் பெரிய பழந்தின்னி வௌவால்களில் விசர்நோய்க் கிருமிக்கு உறவான ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, அதற்குக் கன்னொறுவை என்ற ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தை 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இந்த வௌவால்கள் ஏன் வேண்டும்? இலுப்பையைப் பாருங்கள். அதன் பூ இரவில்தான் வௌவாலை அழைக்கிறது. சதைப்பிடிப்பான பூவிதழைத் தின்ன வரும் வௌவாலின் முகத்தில் மகரந்தம் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகிறது. பழுத்த பிறகு அதே வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு தூரத்து மரத்தில் போய்த் தொங்கித் தின்று, கொட்டையை அங்கே போடுகிறது. தாய்மர நிழலுக்கு வெளியே ஒரு கன்று எழும்ப வேறு வழி குறைவு. ஆல், அத்தி போன்றவற்றின் பொடி விதைகளோ வயிற்றுக்குள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே எச்சத்தோடு வெளியே வரும். பறவை பெரும்பாலும் கிளையில் இருந்தபடி எச்சமிடும். வௌவால் பறந்துகொண்டே போடும். அதனால் காடு அழிந்த வெட்டவெளியிலும் விதை விழுகிறது. பெரிய பழந்தின்னி ஒரே இரவில் பல கிலோமீற்றர் போய் வரும். உங்கள் மதிலை அழுக்காக்கும் அதே எச்சம்தான் அங்கே காட்டை விதைக்கிறது. வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால், கூட்டமாகக் கொன்றால் மீள்வது கடினம்.

மாம்பழத்தைக் காப்பாற்றுவது கஷ்டமில்லை. காய் முற்றியதும் ஆய்ந்து, கடதாசியில் சுற்றி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். மரத்திலேயே பழுக்க வேண்டுமென்றால் குலைகளைத் துணிப்பையால் கட்டுங்கள். தளர்ந்த நைலோன் வலையை மட்டும் போடாதீர்கள். அதில் சிக்கிய வௌவால் விடியும்வரை துடித்துச் சிறகு கிழிந்து சாகும். எடுக்கப் போகிற கையையும் கடிக்கும். வலைதான் வேண்டுமென்றால், சுண்டுவிரல் நுழையாத கண்ணுள்ளதாக எடுத்து இறுக்கி இழுத்துக் கட்டுங்கள். கை எட்டாத உச்சிக் கொப்புகளில் உள்ளதை அவற்றுக்கே விட்டுவிடலாம்.