‘அவனுக்கும்’ என்று எழுதினீர்களே

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று வருடமாக ‘மேஜிக்: தி கேதரிங்’ கார்டு ஆட்டம் ஆடுகிறேன். அவரவர் சேர்த்த கார்டுகளிலிருந்து ஒரு டெக் (கார்டுக் கட்டு) கட்டி எதிராளியோடு மோதுகிற ஆட்டம். போட்டிகளில் ஜெயிக்கிற அளவுக்கு வர வேண்டும் என்று ஆசை. ஆனால் எங்கள் பகுதியில் ஆட ஆளில்லை. அதனால் நானே வாரம் ஒரு நாள் ஓர் இடம் பிடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் அழைத்து நாக்-அவுட் போட்டி நடத்த ஆரம்பித்தேன். முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். ஆறாவது வாரம் 3 பேர். வருகிறவர்களுக்குத் தீவிரமே இல்லை. டெக்கும் சுமார், ஆட்டமும் சுமார். வீட்டில் பழகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முன்பெல்லாம் தம்பி என்னோடு ஆடுவான். அவனிடம் இருந்த நல்ல கார்டுகளையும் போட்டு டிரேடு செய்து, அதாவது மற்றவர்களோடு கார்டுக்குக் கார்டு மாற்றித்தான் என் போட்டி டெக்கை முடித்தேன். இப்போது அவனுக்கும் ஆர்வம் போய்விட்டது. தீவிரமாக ஆடுகிறவர்களை எப்படிச் சேர்ப்பது? அதுவரை என் ஆட்டத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில்: ‘ஆள் சேர மாட்டேன் என்கிறது’ என்று எனக்கு வரும் கடிதங்களை எண்ணுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. செஸ் கிளப் ஆரம்பித்தவர், வாசகர் வட்டம் ஆரம்பித்தவர், காலையில் சேர்ந்து ஓடலாம் என்று கூப்பிட்டவர் என எல்லோருடைய கடிதமும் ஒரே அச்சுதான். முதல் வாரக் கணக்கு, கடைசி வாரக் கணக்கு, நடுவில் வந்தவர்கள் மேல் ஒரு குறை. உங்களுடையதில் பதினொன்று மூன்றாகியிருக்கிறது. அதற்கு முன்னாலேயே ஒன்று பூஜ்யமானதே, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஒருவன் உங்கள் வீட்டிலேயே இருந்தான்.

‘அவனுக்கும் ஆர்வம் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘உம்’ என்னை விடவில்லை. வராமல் போன எட்டுப் பேரோடு தம்பியையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அதற்கு முந்தைய வரியில் என்ன எழுதினீர்கள் என்று திரும்பப் படியுங்கள். அவனுடைய நல்ல கார்டுகளை எடுத்துக்கொண்டுபோய் டிரேடு செய்தீர்கள். கார்டு போன பிறகு ஆர்வம் போயிருக்கிறது. இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, நடுவில் ‘அதனால்’ என்ற ஒரு சொல் விட்டுப்போனது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

‘அவனைக் கேட்டுத்தான் எடுத்தேன்’ என்பீர்கள். கேட்டிருப்பீர்கள், நம்புகிறேன். அவனும் ‘சரி, எடுத்துக்கோ’ என்று சொல்லியிருப்பான். அண்ணன் கேட்டால் தம்பி கொடுப்பான். கொடுத்துவிடுவான் என்று தெரிந்துகொண்டு கேட்பதற்குப் பெயர் கேட்பதா? மூத்தவனின் தேவைதான் பெரியது என்று பேசாமலே முடிவாகிவிடுகிற வீடுகள் நிறைய உண்டு. அங்கே இளையவன் சண்டை போட மாட்டான். மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வான். கேட்டால் ‘ஆர்வம் இல்லை’ என்பான். அண்ணனும் நம்பிவிடுவார், நம்புவது வசதி.

அவனுடைய பைண்டரை, அதாவது கார்டுகளைச் சொருகி வைக்கும் ஆல்பத்தை, ஒருநாள் அவனைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். வழக்கமான பைண்டரில் பக்கத்துக்கு ஒன்பது பை இருக்கும். எத்தனை பை காலி என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டிலும் இந்த ஆட்டம் ஆடுகிற இரண்டு பேர் உண்டு, அண்ணனும் தங்கையும். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க வேண்டுமென்றால் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்ட கார்டுகளை நான்தான் ஒதுக்க வேண்டும். சின்னவளிடம் ஒரு கார்டு இருக்கிறது. ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது, எந்த டெக்குக்கும் ஆகாது. படம் பிடித்திருக்கிறது என்று அதை எல்லா டெக்கிலும் சொருகிவிடுவாள். ‘இதை எடுத்துவிட்டு வேறு போடு, ஜெயிப்பாய்’ என்று அண்ணன்காரன் தலைபாடாய் அடித்துக்கொள்வான். அவள் கேட்க மாட்டாள். அந்த ஒரு கார்டுக்காகத்தான் அவள் அந்த மேஜைக்கே வருகிறாள் என்று அவனுக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. உங்கள் தம்பிக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும். அது இப்போது யாரிடம் இருக்கிறது?

இந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1993இல் இது வெளிவந்தபோது, ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் தத்தம் டெக்கிலிருந்து ஒரு கார்டைப் பணயமாக வைப்பது, ஜெயித்தவர் இரண்டையும் தனக்கே எடுத்துக்கொள்வது என்று ஒரு விதி இருந்தது. அதற்கு ‘ஆன்ட்டி’ என்று பெயர். நம் காதுக்கு வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கும், அது போகட்டும். ஆசையாகச் சேர்த்த கார்டை இழக்க யாருக்கும் மனம் வரவில்லை. விதி வழக்கொழிந்துபோனது, அதைச் சார்ந்த கார்டுகளுக்குப் போட்டிகளில் தடையும் வந்தது. தோற்றவனிடமிருந்து ஒரே ஒரு கார்டை எடுப்பதையே ஊர் ஏற்கவில்லை. உங்கள் தம்பி தோற்கக்கூட இல்லை, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதை ஆட்டத்தை உருவாக்கியவரே பார்த்தால் சிரிப்பார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்தவர். அவர் முதலில் கொண்டுபோன ஆட்டம் தயாரிக்கச் செலவு அதிகம் என்று ஆனபோது, கையோடு எடுத்துப்போய், பெரிய விளையாட்டுகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தில் ஆடக்கூடிய சின்ன ஆட்டமாக ஒன்று வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் மேஜிக். காத்திருக்கிற நாலு பேர் சேர்ந்து உட்காருவதற்காக வந்த ஆட்டம், உங்கள் கையில் எதிரே யாருமே இல்லாத ஆட்டமாக நிற்கிறது.

ஆகவே முதல் வேலை வீட்டில். தம்பியோடு உட்கார்ந்து, போன கார்டுகளின் பெயர்களை அவன் சொல்லச் சொல்ல எழுதுங்கள். உங்களுக்கு நினைவிருப்பதை அல்ல, அவன் சொல்வதை. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். விலை அதிகமானதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அவன் முதலில் சொல்கிற பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். சிலது உங்கள் டெக்கிலேயே இருக்கும். உருவிக் கொடுங்கள். சிலதற்காக உங்கள் கார்டைக் கொடுத்து வாங்க வேண்டிவரும். உங்கள் போட்டி டெக் உடையும். உடையட்டும். கொடுத்த கையோடு ‘வா, ஒரு ஆட்டம் போடலாம்’ என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், அப்புறம் அதுவும் ஒரு டிரேடு ஆகிவிடும். அவன் கடைசிவரை ஆட வராமலே போகலாம். அப்போதும் கார்டுகள் அவனுடையவைதான்.

டெக் இல்லாமல் எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். இதைத் தம்பியிடம் கை நீட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் கார்டின் பெயரையும் விவரத்தையும் எழுதி, ஒரு சாதாரண லேண்ட் கார்டின் (மற்ற கார்டுகளை ஆடச் சக்தி தரும் அடிப்படைக் கார்டு) மேல் வைத்து ஸ்லீவுக்குள் தள்ளினால் பிராக்சி. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் செல்லாது, பழகுவதற்குத் தாராளமாகப் போதும். தேர்ந்த ஆட்டக்காரர்களே ஒரு டெக்குக்காகக் கார்டு தேடி அலைவதற்கு முன் இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சரி, வெளியே வருவோம். நாக்-அவுட் என்று யார் உங்களுக்குச் சொன்னது? பதினொரு பேரில் ஒருவருக்கு ‘பை’ (ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போகும் சலுகை) கொடுத்தால்கூட முதல் ரவுண்டு முடிந்ததும் ஐந்து பேருக்கு வேலையில்லை. மெனக்கெட்டுக் கிளம்பி வந்தவன் ஒரு மேட்ச் தோற்றுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? ஸ்விஸ் முறையில் நடத்துங்கள். யாரும் வெளியேற மாட்டார்கள். ஒரே அளவு வெற்றி உள்ளவர்கள் அடுத்த ரவுண்டில் மோதுவார்கள். எட்டுப் பேருக்கு மூன்று ரவுண்டு, பதினாறு பேர்வரை நான்கு. இரண்டாவது ரவுண்டிலேயே புதியவனுக்குப் புதியவன் எதிரே வந்துவிடுவான், அங்கே அவன் ஜெயிக்கவும் செய்வான். பரிசு ஏதாவது வைத்தால் பாதியைக் குலுக்கலில் கொடுங்கள்.

இன்னொன்று சந்தேகப்படுகிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். புதிதாக வருகிறவரின் பைண்டரை முதல் நாளே கேட்டு வாங்கிப் புரட்டுகிற ஆள் நீங்கள். வீட்டில் ஒரு பழக்கம் இருந்தால் அது வாசல் தாண்டாமல் இருக்காது. விலை தெரியாதவரிடம் டிரேடு செய்து லாபம் பார்த்தால், அவர் வீட்டுக்குப் போய் விலையைப் பார்ப்பார், அடுத்த வாரம் வர மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். முதல் ஒரு மாதம் புதியவர்களோடு டிரேடே வேண்டாம். அதற்குப் பிறகும் விலையை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான்.

‘டெக்கும் சுமார்’ என்று குறை சொல்கிறீர்களே, உங்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகச் சாதாரண கார்டுகள் தூங்குகின்றன என்று பந்தயம் கட்டுவேன். மூன்று வருடம் ஆடியவர் எல்லோரிடமும் அவை இருக்கும். அவற்றிலிருந்து 360 கார்டுகளை, ஒன்றுக்கொன்று வேறாக, இந்த ஆட்டத்தின் ஐந்து நிறத்துக்கும் சமமாகப் பொறுக்குங்கள். இதைத்தான் கியூப் என்கிறார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்குப் பதினைந்து கார்டு வீதம் மூன்று கட்டு, கணக்கு சரியாக வரும். ஒரு கார்டை வைத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் நகர்த்த வேண்டும், அடுத்த கட்டை வலப்பக்கம், மூன்றாவதை மறுபடி இடப்பக்கம். எடுத்ததோடு அடிப்படை லேண்டுகளைச் சேர்த்து நாற்பது கார்டில் டெக் கட்டி ஆட வேண்டியதுதான். ஆட்டம் முடிந்ததும் கார்டுகளெல்லாம் பெட்டிக்கே திரும்பும். யாரும் எதையும் வாங்கிவர வேண்டாம், யார் டெக்கும் சுமார் என்று நீங்கள் முகம் சுளிக்கவும் முடியாது.

டெக் கட்டி ஆடுகிற நாளில், பழக்கமில்லாதவருக்கு உங்கள் கையிலிருக்கும் வலுவான டெக்கைக் கொடுங்கள். இருப்பதில் மட்டமானதை நீங்கள் எடுங்கள். உங்கள் டெக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது எங்கே இடறுகிறது என்று தெரியும். தீவிரமான எதிராளி வேண்டும் என்றால் இப்படித்தான் கிடைப்பான், ஆறு மாதம் ஆகும். ஆயத்தமாக எங்கிருந்தோ வந்து இறங்க மாட்டான்.

உங்கள் ஆட்டத்தைப் பற்றியும் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்கை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் ஒன்றையே பிடித்துக்கொண்டு நூறு ஆட்டமாவது ஆடுங்கள். முதல் ஏழு கார்டைப் பார்த்து வைத்துக்கொள்வதா, முலிகன் செய்வதா, அதாவது கலைத்துவிட்டு வேறு கை எடுப்பதா என்ற முடிவில்தான் பாதி ஆட்டம் போகிறது. அறுபது கார்டில் ஒரு கார்டை நான்கு பிரதி வைத்திருந்தாலும், முதல் கையில் அதில் ஒன்றாவது வர நூற்றுக்கு நாற்பதுதான் வாய்ப்பு. அது வரும் என்று நம்பி மோசமான கையை வைத்துக்கொண்டு, பிறகு அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால்தான் எங்கள் வீட்டுச் சின்னவளிடம் தோற்கிறேன். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீங்கள் எடுத்த ஒரு தப்பான முடிவை எழுதி வையுங்கள். அந்த நோட்டில் ‘லேண்ட் வரவில்லை’ என்று எழுதக் கூடாது.

பெரிய போட்டிக்குப் போனால் ஒரு ரவுண்டுக்குப் பொதுவாக ஐம்பது நிமிடம்தான், அதற்குள் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வேகமாக முடிவெடுக்க வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுவதில் வெட்கப்படாதீர்கள், எதிராளியை அவமதித்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். நேரம் முடிந்து சமநிலை ஆகும்போது, ‘பகடை உருட்டி முடிவு செய்யலாமா’, ‘விட்டுக்கொடுத்தால் பரிசில் பங்கு தருகிறேன்’ என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். இரண்டும் விதிமீறல், கடுமையான தண்டனை உண்டு, தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கடிதம் முழுக்க உங்கள் டெக், உங்கள் போட்டி, உங்களுக்கு வேண்டிய எதிராளி. தம்பி என்ன நிறத்தில் டெக் கட்டி ஆடுவான் என்று ஓரிடத்திலும் இல்லை. எழுத மறந்தீர்களா, தெரியாதா? தெரியாதென்றால் கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அப்புறம் சொன்னால் போதும்.