வாசகர் கேள்வி – பதில்: பதினாறு ஆண்டுகள் காத்திருந்து கேட்ட எட்டுப் பாடல்கள்

கேள்வி: தி க்யூர் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவைக் கல்லூரி நாட்களிலிருந்தே கேட்டு வருகிறேன். 1989-இல் வெளிவந்த 'டிஸ்இன்டக்ரேஷன்' ஆல்பத்தின் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவன் நான். 2024 நவம்பரில் வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' அக்குழுவின் மிகச் சிறந்த ஆல்பங்களுள் ஒன்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ எட்டுப் பாடல்களும் ஒரே கனத்தில், ஒரே நடையில் நகர்வதாகத்தான் தோன்றுகிறது. முதல் பாட்டில் குரல் வருவதற்கே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பதினாறு ஆண்டு ஏக்கம்தான் இப்படிப் பாராட்டாக மாறிவிட்டதா? நீங்களும் பழைய ரசிகர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏக்கத்துக்கும் இந்தப் பாராட்டில் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். 2008 அக்டோபரில் வந்த '4:13 ட்ரீம்' ஆல்பத்தில் பதின்மூன்று பாடல்கள் இருந்தன. தனித்தனியாக எனக்குப் பிடித்தவை அவற்றுள் சில உண்டு என்றாலும், எல்லாம் கூடி ஓர் உலகமாக அவை ஆகவில்லை. அதற்குப் பின் புதிய ஆல்பம் வருகிறது, வருகிறது என்று குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ராபர்ட் ஸ்மித் பேட்டிதோறும் சொல்லி வந்தார். 2019-இல் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படிக் காத்துக் கிடந்தவர்களின் காதில் 2024 செப்டம்பரில் இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான 'அலோன்' வந்து விழுந்தபோது, அதை யாரும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. 1992-இல் வந்த 'விஷ்' ஆல்பத்துக்குப் பிறகு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் க்யூர் முதலிடம் பிடித்தது இந்த ஆல்பத்தால்தான். அந்த முதல் வாரத்துப் பரவசத்தில் நானும் இருந்தேன். ஆனால் அது அடங்கிய பிறகும், பல மாதங்கள் விட்டு விட்டுக் கேட்ட பிறகும், இந்த ஆல்பம் எனக்குச் சிறுத்துப் போகவில்லை. அதற்கான காரணத்தை நீங்கள் குறையாகச் சொன்ன அந்த மூன்று நிமிடங்களிலிருந்தே சொல்லலாம்.

'அலோன்' ஏறத்தாழ ஏழு நிமிடப் பாட்டு. அதன் முதற்பாதி முழுவதும் ஜேசன் கூப்பரின் டிரம்ஸ் அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்க, சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் தரையைப் போலக் கீழே கிடக்க, ரோஜர் ஓ'டானலின் கீபோர்டு அதன்மேல் அகலமாகப் படர்கிறது. பிறகுதான் ஸ்மித்தின் குரல் வருகிறது. வந்ததும், நாம் பாடும் ஒவ்வொரு பாட்டின் முடிவும் இதுதான் என்று சொல்கிறது. ஆல்பத்தின் முதல் வரியே முடிவைப் பற்றியது. அந்த வரி முதல் நிமிடத்திலேயே வந்திருந்தால் வெறும் அறிவிப்பாக நின்றிருக்கும். மூன்று நிமிடம் கழித்து வரும்போதோ, தீ அணைந்து சாம்பலான இடத்தில் நாம் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிறோம்; அவர் அந்த இடத்துக்குப் பெயர் மட்டும் சொல்கிறார். எர்னஸ்ட் டௌசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் 'டிரெக்ஸ்' என்னும் சிறு கவிதையே இப்பாட்டுக்கு வித்து என்றும், இந்தப் பாட்டு கைகூடிய பிறகுதான் ஆல்பத்தின் கதவு திறந்தது என்றும் ஸ்மித் கூறியிருக்கிறார். ராக ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, பல்லவி தாமதமாக வருவது ஒரு குறையாகப் படாது என்றும் நினைக்கிறேன்.

அடுத்து, இது 'டிஸ்இன்டக்ரேஷ'னின் மறுபதிப்பா என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. ஸ்மித் பிறந்தது 1959 ஏப்ரலில். 1982-இல் 'போர்னோகிராஃபி' ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று; 'டிஸ்இன்டக்ரேஷன்' வெளிவந்தது அவருக்கு முப்பது வயது நிறைந்த சில நாட்களில். இளமை போய்விடுமே என்று அஞ்சிய ஒருவரின் துயரம் அது. இழப்பு இன்னும் வாசலுக்கு வெளியேதான் நின்றது. நாமும் அப்போது அவரைவிட இளையவர்கள் என்பதால், அந்தத் துயரத்தை ஓர் அழகான சட்டையைப் போல எடுத்து அணிந்துகொண்டோம். 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து. தாயையும் தந்தையையும் அண்ணனையும் அதற்குள் இழந்திருந்தார். கருவிகள் பழையவை, நடை பழையது, பெயர் சொல்லாமலே அடையாளம் தெரியும் அந்தக் குரலும் வியக்கத்தக்க வகையில் பழையதாகவே இருக்கிறது. மாறியிருப்பது, சொல்பவர் நிற்கும் இடம்.

ஆறாவது பாட்டான 'ஐ கேன் நெவர் சே குட்பை'யைக் கேளுங்கள். இடி முழக்கத்தோடு தொடங்கி, பியானோவில் சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும் பாட்டு அது. அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பற்றி எழுதப் பலவாறு முயன்று, கடைசியில் அந்த இரவில் நடந்ததை எளிமையாகச் சொல்லும் வடிவத்துக்கு வந்து சேர்ந்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். அதனால்தான் இதில் உவமைகள் மிகக் குறைவு. 1980-களில் சிலந்தியையும் காட்டையும் கடலையும் கொண்டு பயத்தைப் பாடியவர், இங்கே அண்ணனை எழுப்ப முடியவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். நம் இலக்கணத்தார் 'கையறுநிலை' என்று பெயரிட்ட நிலைக்கு, ராக் இசையில் நான் கேட்ட பாட்டுகளுள் இவ்வளவு அருகில் வந்தது வேறில்லை. இரண்டாவது பாட்டான 'அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவ'ரும் இதற்கு உறவுதான். இறக்கும் வேளையில் உடன் இருப்பேன் என்று ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனதிலிருந்து பிறந்தது அது. அந்தச் செய்தி தெரியாமல் கேட்டபோது அழகான காதல் பாட்டாக இருந்தது. தெரிந்த பிறகு, அதன் நீண்ட முன்னிசையில் வரும் பியானோவை என்னால் இயல்பாகக் கேட்க முடிந்ததில்லை.

உங்கள் குறையில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒலிக்கலவை நெருக்கமாக இருக்கிறது. எல்லாக் கருவிகளும் எல்லா நேரமும் இடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பதால், சிறிய ஒலிபெருக்கியிலோ கைப்பேசியிலோ கேட்டால் கிட்டாரும் கீபோர்டும் கலந்து ஒரே குழம்பாகிவிடுகின்றன. 'டிஸ்இன்டக்ரேஷ'னில் எவ்வளவு கனமான பாட்டிலும் காற்று நுழைய இடம் இருந்தது. இங்கே அந்தச் சாளரங்கள் குறைவு. 'ட்ரோன்:நோட்ரோன்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. வீட்டுக்கு மேலே பறந்து வந்த ஒரு கேமரா ட்ரோனைப் பார்த்த எரிச்சலில் பிறந்த பாட்டு அது. ரீவ்ஸ் கேப்ரல்ஸின் கிட்டார் அதில் நன்றாகவே சீறுகிறது. ஆனால் இருபுறமும் சாவு நிற்கும் தெருவில் அந்த எரிச்சல் சிறிய விஷயமாகிவிடுகிறது. 'ஆல் ஐ எவர் ஆம்' இன்னும் நல்ல இடத்தில் அமைந்திருந்தால் கவனம் பெற்றிருக்கும். 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' என்ற துள்ளலான பாட்டை எழுதிய கை இந்த ஆல்பத்தில் ஏறத்தாழ எங்கும் தென்படாததும் எனக்கு ஒரு வருத்தம். இருட்டுக்கும் துள்ளலுக்கும் இடையே அலைவதுதானே இக்குழுவின் இயல்பு? கேலப்பின் பேஸ் முன்னால் நடக்கும் 'எ ஃப்ராஜைல் திங்' ஒன்றில்தான் அந்தத் துள்ளலின் நிழல் இருக்கிறது. ஆகவே, எட்டும் ஒரே கனம் என்பதில் பாதி உண்மை. ஒரு நல்ல ஹெட்போனில், இடையில் நிறுத்தாமல், நாற்பத்தொன்பது நிமிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: இந்த எட்டில் ஐந்து பாடல்களை 2022-இல் தொடங்கிய கச்சேரிப் பயணத்திலேயே பாடிவிட்டார்கள். ரசிகர்கள் எடுத்த காணொளிகளில் அவற்றைப் பலமுறை கேட்டுவிட்டவருக்கு இந்த ஆல்பத்தில் புதிதாக என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வரிசை இருக்கிறது. 2022 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரில் தொடங்கிய அந்தப் பயணத்தில் 'அலோன்' தொடக்கப் பாட்டாகவும், 'எண்ட்சாங்' முதன்மைப் பகுதியை முடித்துவைக்கும் பாட்டாகவும் அமைந்தன; இடையில் பழைய பாடல்கள் வந்துவிடும். ஆல்பத்தில் அதே இரண்டும் அதே இரு முனைகளில் நிற்க, இடையில் நமக்குப் பழகிய ஆறுதல் எதுவும் இல்லை. வெளியீட்டு நாளான 2024 நவம்பர் 1 அன்று லண்டன் ட்ராக்ஸி அரங்கில் முழு ஆல்பத்தையும் வாசித்தார்கள். அது யூடியூபில் நேரலையாகவும் வந்தது. ஒலிக்கலவை பற்றி மேலே சொன்ன குறை அந்த மேடையில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பதால், ஆல்பத்தைக் கேட்ட பின் அதையும் கேட்பது நல்லது.

கேள்வி: ராக் இசை எனக்குப் பழக்கமில்லை. சென்ற ஆண்டு அப்பா காலமானார். நண்பர் ஒருவர் இந்த ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார். மொழியும் இசையும் அந்நியமாக இருக்குமோ என்று தயங்குகிறேன். கேட்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்கலாம், ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசிப் பாட்டான 'எண்ட்சாங்' பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்வது. அதில் ஆறு நிமிடம் வரை குரலே இல்லை. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது பத்து வயதுச் சிறுவனாக, தந்தையோடு நின்று வானத்தைப் பார்த்தவர் ஸ்மித். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓரிரவில் வெளியே வந்து, சிவந்த நிலவைப் பார்த்தபடி, அந்தச் சிறுவனும் அவன் தனது என்று எண்ணியிருந்த உலகமும் என்ன ஆயின, தான் எப்போது இவ்வளவு முதுமை அடைந்தேன் என்று கேட்கும் பாட்டு அது. தந்தையை இழந்த பாரி மகளிர் 'அற்றைத் திங்கள்' என்று தொடங்கி 'இற்றைத் திங்கள்' என்று வந்து நிற்கும் அந்த ஐந்தடிப் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அன்றும் அதே நிலவு, இன்றும் அதே நிலவு, நடுவில் தந்தை மட்டும் இல்லை. அந்தப் பாட்டை அறிந்தவருக்கு இந்தப் பாட்டின் மொழி அந்நியமாக இருக்காது. உங்களுக்கு மனம் இருக்கும் ஓர் இரவில் அதை மட்டும் கேளுங்கள். ஆறாவது பாட்டை இன்னும் சில மாதங்கள் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.