வாகனக் கேள்வி – பதில்: முந்தும்போது மட்டும் தடுமாறும் எஞ்சின்

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட, 2.0 லீற்றர் எஞ்சின் கொண்ட மஸ்தா ரோட்ஸ்டர் இருக்கிறது. வீடு கடலோரமாக இருப்பதால் காரை அடிக்கடி கழுவுவது வழக்கம். அண்மையில் சேர்விஸ் நிலையமொன்றில் எஞ்சின் பகுதியையும் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். அடுத்த வாரம் கந்தளாயிலிருந்து திரும்பும்போது பேருந்தொன்றை முந்துவதற்காக நாலாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினேன். கார் குலுங்கியது, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மெதுவாக ஓட்டினால் எதுவும் தெரிவதில்லை. கராஜில் ஸ்கேன் செய்தபோது பீ 0302, பீ 0300 என இரண்டு குறியீடுகள் காட்டின. நான்கு பிளக்குகளையும் மாற்றியும் பலனில்லை. இப்போது பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதுவும் இல்லையென்றால் கம்பியூட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரம் கொழும்புக்குப் போக வேண்டும். இந்தக் காரில் போகலாமா?
— வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கொழும்புக்குப் பேருந்திலோ ரயிலிலோ போய் வாருங்கள். எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு எரிவதும் ஒன்றல்ல. விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்து, உள்ளேயிருக்கும் தேன்கூடு போன்ற அடுக்கையே உருக்கிவிடக்கூடும். இன்று ஒரு கொயிலோடு (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் சுருள்) முடியக்கூடிய செலவு, 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தின் முடிவில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இனி அந்தக் குறியீடுகளைப் பார்ப்போம். எஞ்சினின் கம்பியூட்டர் பிளக்கில் பொறி பறந்ததா என்று நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்க் தண்டு சுழலும் வேகத்தை ஒரு சென்சர் இடைவிடாமல் அளக்கிறது. சிலிண்டர் ஒன்று எரியத் தவறினால் அதன் முறை வரும்போது தண்டு சற்றுத் தளர்கிறது, அந்தத் தளர்ச்சியை வைத்தே கம்பியூட்டர் சிலிண்டரை அடையாளம் காண்கிறது. கோயில் திருவிழாவில் சுவாமி காவுகின்ற நால்வரில் ஒருவர் தளர்ந்தால், வாகனம் சாயும் பக்கத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். அவருக்குக் காலில் முள் குத்தியதா, காய்ச்சலா என்பது சாய்விலிருந்து தெரியாது. அதுபோலவே பீ 0302 என்பது இரண்டாவது சிலிண்டர் எரியத் தவறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பீ 0300 என்பது தவறுதல் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்ற பொதுவான முறைப்பாடு. இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால், குறிப்பாகச் சொல்லப்பட்ட இரண்டாவது சிலிண்டரிலிருந்தே தேடத் தொடங்குவது முறை. உங்கள் காரில் ரேடியேற்றர் பக்கமிருந்து எண்ணினால் அது இரண்டாவதாக வரும்.

காரணத்தை ஊகிக்க உதவும் பெரிய தடயம் நீங்கள் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது: மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, முழுதாக அழுத்தும்போதுதான் குலுங்குகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சிலிண்டருக்குள் காற்று நிறைந்து அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்தால் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். கொயிலின் காப்பு பலவீனமாக இருந்தாலோ, கொயிலிலிருந்து பிளக்குக்கு இறங்கும் ரப்பர் குழாயில் கீறல் இருந்தாலோ, மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் பக்கத்து உலோகத்துக்குப் பாய்ந்துவிடும். உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு என்றால் நிலைமை மறுதலை: எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது குலுக்கம் அதிகமாகவும், வேகம் எடுத்தால் குறைவாகவும் இருக்கும். பெற்றோல் பம்ப் தளர்ந்திருந்தால் எஞ்சினுக்கு வேலைப் பாரம் ஏறும்போது தடுமாறும்தான். ஆனால் அது நான்கு சிலிண்டர்களையும் வாட்டும், இரண்டாவதை மட்டும் தேடிப் பிடிக்காது. ஆகவே என் சந்தேகம் முதலில் கொயில் மீதும், அதன் ரப்பர் குழாய் மீதும், அது இறங்கும் குழி மீதுமே விழுகிறது. எஞ்சினைக் கழுவியதற்குப் பின்னர் வந்த கோளாறு என்பது இந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர் இரண்டாவது கொயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் கொக்கி எளிதில் முறிந்துவிடும் என்பதால் அவசரம் வேண்டாம். கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். திருகோணமலையின் கடற்காற்றில் இது மிகச் சாதாரணம். பச்சை இருந்தால் அரத்தாளால் தேய்க்காமல், மின் இணைப்புகளுக்கென விற்கப்படும் கிளீனரால் துப்புரவாக்குங்கள். கொயிலை மேலே இழுத்தெடுத்ததும் அதன் முனையை மோந்து பார்த்துத் துடையுங்கள். தண்ணீர் நின்றிருந்தால் துரு நிறத்தில் ஈரமோ, உப்புப் படிந்த வெண்கோடோ தெரியும். எண்ணெய் இருந்தால் வால்வு மூடியின் கஸ்கெற் (கசிவைத் தடுக்கும் இடைத்தகடு) கசிகிறது. குழிக்குள் காற்றடித்து மண்ணையும் ஈரத்தையும் வெளியேற்றிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், பொறி வழிமாறிப் போன தடம் அதுதான். அந்தத் தடம் ரப்பர் குழாயின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் புதிதாக்கி அதே ரப்பரை மாட்டினால் புதிய பிளக்கும் சில நாட்களில் கெட்டுப்போகும். உங்கள் கராஜில் பிளக் மாற்றியும் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தடயம் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கோளாறை இடம்மாற வையுங்கள். இரண்டாவது கொயிலை நாலாவது சிலிண்டருக்கும், நாலாவதை இரண்டாவதுக்கும் மாற்றி, பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, வீதியில் சனநடமாட்டம் குறைந்த நேரத்தில் நாலாம் கியரில் குறைந்த சுழற்சியிலிருந்து ஒரே ஒருமுறை முழுதாக அழுத்திப் பாருங்கள். குலுங்கியதும் காலை எடுத்துவிட வேண்டும். இம்முறை பீ 0304 வந்தால் கொயில்தான் குற்றவாளி, வேறெதையும் தேட வேண்டியதில்லை. மறுபடியும் பீ 0302 வந்தால் பிளக்கை இடம்மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதால் எதுவும் தெரியவராது. கொயிலை ஓம் மீற்றரால் அளந்து “நல்லது” என்று சான்று கொடுப்பவர்களை நம்பாதீர்கள். ஆறிய நிலையில் சரியான அளவைக் காட்டும் கொயில், சூடேறிப் பாரம் வரும்போது தோற்றுப்போவது வழமையான கதை.

இவை இரண்டிலும் கோளாறு நகரவில்லையென்றால் மட்டுமே இன்ஜெக்டரைப் பற்றிப் பேச வேண்டும், அதற்கும் முன்னர் கொம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்துகொள்வது நல்லது. ஒரு சிலிண்டரின் அளவு மற்றவற்றைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தால், அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள், உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கெற். கம்பியூட்டர் இந்த வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது. ஒரேயொரு சிலிண்டர் பாரத்தில் மட்டும் தவறுவதற்குக் கம்பியூட்டரைக் குற்றம் சாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: என் காருக்கு 95 ஒக்டேன் போட வேண்டும் என்று மூடியில் எழுதியிருக்கிறது. சில வேளைகளில் 92 போடுகிறேன். மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியத் தவறுதல்) வருமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: ஒக்டேன் குறைந்தால் வருவது மிஸ்ஃபயர் அல்ல, நொக்கிங், அதாவது பொறியின் சுடர் வந்து சேருமுன்னரே மீதிக் கலவை தானாக வெடிப்பாக எரிவது. புதிய கார்களில் அதைச் சென்சர் உணர்ந்து பொறி பறக்கும் நேரத்தைப் பின்தள்ளிவிடுவதால் இழுவை குறையும், எரிதல் தவறாது. பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தால் கதை வேறு. நிரப்பிய சிறிது நேரத்திலேயே எல்லாச் சிலிண்டர்களும் தடுமாறத் தொடங்கும்.

கேள்வி: எங்கள் ஊர் மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சத்தம் மாறாத சிலிண்டரே கெட்டது என்பார். புதிய காரிலும் அப்படிச் செய்யலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: தத்துவம் சரியானது, செய்முறைதான் இன்றைய கார்களுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் கொயில் இருக்கும் எஞ்சினில், ஓடும்போது கொயிலைத் தூக்கினால் பல்லாயிரம் வோல்ட் கையைத் தேடி வரலாம். பொறிக்கு வழியில்லாத கொயிலும் தன் காப்பை உடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, மீண்டும் இயக்கிச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பெற்றோலே போகாததால் புகைக்குழாய்க்கும் கேடில்லை. சும்மா ஓடும்போதே குலுங்கும் எஞ்சினுக்குத்தான் இந்தச் சோதனை உதவும். உப்புவெளி வாசகருடையதைப் போலப் பாரத்தில் மட்டும் தவறும் எஞ்சினில் நான்கும் நலம் என்றே காட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சினின் கொயில்களுக்கு அருகில் குனியவே கூடாது.